ரோஸ் கோட்டு விவகாரம்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கூத்து நடக்கும். எங்கள் லாண்டரி மாடியில் அப்பா, நான், தம்பிகள் இரண்டு பேர், ஆக நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து சிரிப்போம். அதே நொடியில் எதிர் லாண்டரி மாடியிலும் சிரிப்பு வெடிக்கும். இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்தே இருக்கும். மழை பெய்து தரை நனைந்தாலும் அப்பா சாத்த விடமாட்டார், காற்று வேண்டுமாம். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு அறுந்து ஒன்பது வருஷம்.

இரண்டு வீட்டிலும் ஓடுவது ஒரே தொடர். கடத்தல் தொழில் பண்ணுகிற பெரிய ரவுடிக் குடும்பம், அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு காதல், நடுவில் அடிதடி, அடிதடிக்கு நடுவில் சிரிப்பு. எனக்கு இந்த மாதிரி அபத்தமெல்லாம் பிடிக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை, அது வேறு கதை.

"இதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று ஒரு நாள் தம்பிகளைக் கேட்டேன்.

"எல்லாரும் துப்பாக்கி வச்சிருக்காங்க அக்கா. ஆனா சுடறதுக்குள்ள யாராவது சாப்பிடக் கூப்பிட்டுடறாங்க," என்றான் பெரியவன். "ஊரே நடுங்குற தாதா, அவனை அவங்க அம்மா பல்லு தேச்சியான்னு கேக்குறாங்க. அது போதும் எனக்கு."

"அந்த வீட்டுப் பொண்ணு மூக்கை உறிஞ்சினாப் போதும், பதினோரு பேர் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாங்க," என்றான் சின்னவன். "நம்ம வீட்டுல நான் காலு ஒடிஞ்சு விழுந்தப்போ, முதல்ல டெலிவரியை முடிச்சிட்டு வாடான்னு சொன்னது யாரு?"

நான்தான் சொன்னேன். கால் ஒடியவும் இல்லை, வெறும் சுளுக்கு. ஆனாலும் அவன் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எனக்கும் அந்தப் பதினோரு பேர் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். முப்பத்து மூன்று வயதில், மொத்தக் கடையையும் தலையில் சுமந்துகொண்டு, நான் எதிர்க்கடைக்காரரைக் காதலித்துத் தொலைத்திருந்தேன்.

பகை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவும் எதிர்க்கடைப் பெரியவரும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே பெரிய வாஷிங் மெஷின், அது எதிர்க்கடையின் பின்பக்கம் இருந்தது. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் வெள்ளை லினன் கோட்டு எங்கள் கடைக்கு வந்தது. அப்பாவே கொண்டுபோய் மெஷினில் போட்டார், அப்பாவே திறந்து எடுத்தார். வெள்ளையாக உள்ளே போன கோட்டு ரோஸ் கலரில் வெளியே வந்தது.

உன் ஆட்களில் எவனோ மெஷினில் சாயத்துணி போட்டிருக்கிறான் என்று அப்பா கத்தினார். நீ பாக்கெட்டைப் பார்க்காமல் போட்டிருப்பாய் என்று அவர் கத்தினார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. பாக்கெட் பார்ப்பதுதான் முதல் பாடம். சமையல்காரனிடம் போய் நீ கை கழுவுவதில்லை என்று சொல்வது மாதிரி. அந்த வீட்டு ஆள் என் மாடிப்படி ஏறினால் நான் இறங்கிப் போய்விடுவேன் என்று அப்பா சபதம் போட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவர் இறந்தபோது, அப்பா கடையைச் சாத்திவிட்டு நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தெருவை மட்டும் தாண்டவில்லை. மாப்பிள்ளை வேண்டாமென்று எறிந்துவிட்டுப் போன அந்தக் கோட்டு, மாடியில் உறைக்குள் இன்னும் தொங்குகிறது.

என் காதல் கறைச்சீட்டில் ஆரம்பித்தது. கறையுள்ள துணியில் நாங்கள் ஒரு சின்னச் சீட்டைக் குத்துவோம். என்ன கறை, என்ன போட்டுப் பார்த்தோம் என்று அதில் எழுதியிருக்கும். பேண்டு மாஸ்டர் என்று ஒரு வாடிக்கைக்காரர், டிரம்பெட் வாசிப்பவர். யார் மனதும் நோகக் கூடாது என்று ஒரு வாரம் எங்கள் கடை, மறு வாரம் எதிர்க்கடை என்று போவார். அவருடைய பித்தளைப் பொத்தான் கோட்டில் ஒரு எண்ணெய்க் கறை. என்ன செய்தும் எனக்கு மசியவில்லை. சீட்டை எடுக்க மறந்து அப்படியே கொடுத்துவிட்டேன். அடுத்த முறை கோட்டு வந்தபோது கறையைக் காணோம். என் சீட்டின் பின்பக்கம் எதிர்க்கடைப் பெரியவரின் மகன் எழுதியிருந்தார்: "கறைமேல சூடு வச்சிட்டீங்க. கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா உங்களுக்கே போயிருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "உங்க வேலையைப் பாருங்க" என்று எழுதிக் குத்தி அனுப்பினேன். அதற்கு ஒரு பதில் வந்தது. சும்மா விடுவேனா, நானும் எழுதினேன். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் பேண்டு மாஸ்டருக்கே விஷயம் புரிந்து, சுத்தமான கோட்டை இங்கேயும் அங்கேயுமாக மனுஷர் வாயைத் திறக்காமல் சுமந்தார்.

பெரியவன் கையில்தான் மாட்டினேன். பாக்கெட் பார்ப்பது அவன் வேலை. ஒரு நாள் சீட்டு ஊசியிலிருந்து கழன்று கோட்டுப் பைக்குள் விழுந்துவிட்டது. கட்டைக் குரலில் அவன் அதைச் சத்தம் போட்டுப் படித்தான்.

"'அம்மாவைக் கூட்டிட்டு வந்து உங்க அப்பாகிட்ட கேக்கப் போறேன். மாஸ்டர் கோட்டு இதுக்கு மேல தாங்காது.'"

சின்னவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான் பெரியவன், கண் இரண்டும் பளபளக்க. "எதிரி குடும்பத்து ஆளா?"

"நம்ம வீட்டுலயா!" என்று சின்னவன் துள்ளினான். "டேய், நம்ம வீட்டுலயே நடக்குதுடா!"

"அடப்பாவிகளா, கோபமே வரலையா உங்களுக்கு?"

"கோபமா? இதுக்காகத்தானே இத்தனை ஞாயித்துக்கிழமை பாத்தோம்!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்பா வேணாம்னு சொல்லிட்டா நான் போகமாட்டேன்டா. அவருக்கும் அப்படித்தான் எழுதிட்டேன். அப்பாவை அழவச்சிட்டு அந்தத் தெருவைத் தாண்ட என்னால முடியாது."

மூக்கை உறிஞ்சினேன் போலிருக்கிறது. இரண்டு பேரும் செருப்பை மாட்டினார்கள்.

தொடரில் இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. சமாதானப் பேச்சு. இரண்டு தரப்புக்கும் பொதுவான இடத்தில் கூடுவார்கள். உட்காருமுன் ஒவ்வொருவரும் தன் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேசைமேல் வைத்துவிட வேண்டும், கத்தி முதல் கைக்குட்டை வரை. தம்பிகள் மாடி ஏறிப் போய் அப்பாவிடம் காதல், சீட்டு, சமாதானம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்கள். நான் கீழே அழுக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினேன். கடையில் என்னைப் பார்த்து நடுங்காத ஆள் கிடையாது, அந்த நான்தான்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "பாக்கெட்டுல இருக்கிற எல்லாத்தையுமா வைக்கணும்?"

"எல்லாத்தையும்பா. அதான் சட்டம்."

"சரி, வரேன்," என்றார். கோபமா, துக்கமா, குரலில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் அடித்தது.

ஞாயிறு மூன்று மணி, பேண்டு மாஸ்டரின் ஒத்திகைக் கூடம். எதிர்க்கடைக்குச் சேதி கொண்டுபோனதும் அவர்தான். போய்ச் சேர்ந்த பிறகுதான் தம்பிகளைச் சரியாகப் பார்த்தேன். பெரியவன் கறுப்புக் கோட்டில் ஜம்மென்று நிற்கிறான். சின்னவன் பித்தளைப் பொத்தான் மின்ன நிற்கிறான். இரண்டு காலருக்குப் பின்னாலும் எங்கள் கடை நம்பர் துணி தொங்குகிறது.

"டேய்! வாடிக்கைக்காரங்க துணியைப் போட்டுட்டா வந்தீங்க? தொழிலா பண்றீங்க, திருட்டா பண்றீங்க?"

"குடும்பம்னா கோட்டு வேணும்ல அக்கா," என்று முனகினான் பெரியவன்.

கதவு திறந்தது. எதிர்க்கடை அம்மா வந்தார். பின்னால் அவருடைய தம்பி, ஆறடி ஆள், கை முழங்கைக்குமேல் ஏறிப்போன சாம்பல் கோட்டில். அவர் காலரிலும் ஒரு நம்பர். கடைசியாக என்னுடையவர், தன் சொந்தச் சட்டையில். இந்தக் கூட்டத்திலேயே யோக்கியமான ஒரே ஆள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"டேய் சின்னவனே," என்றார் பேண்டு மாஸ்டர் மெதுவாக. "அது என் கோட்டுடா."

யாரும் சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

பாக்கெட் காலி பண்ணும் படலம் தொடங்கியது. தம்பிகளிடமிருந்து ஊசி, சாக்கட்டி, பாதி தின்ற பிஸ்கட் வந்தன. ஆறடி ஆளிடமிருந்து வயிற்றுவலி மாத்திரை. என்னுடையவர் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்து வைத்தார், எல்லாம் நான் எழுதியவை. பக்கத்தில் நானும் என் கட்டை வைத்தேன். என்னுடையதைவிட அவருடையது இரண்டு மடங்கு தடிமன். இவ்வளவா எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று காதெல்லாம் சூடாகிவிட்டது.

அப்பா மட்டும் பாக்கி. கையைப் பைக்குள் விட்டவர் அப்படியே நின்றார். அப்புறம் ஒரு சிவப்புக் கைக்குட்டையை எடுத்து, மேசைமேல் விரித்து, நாலு மூலையையும் தடவி வைத்தார். பாதி வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது.

"அந்த மாப்பிள்ளை கோட்டு," என்றார். "உள்பாக்கெட்டு. நான்தான் பாக்கலை. மெஷினைத் திறந்ததும் இதைச் சுருட்டி என் பையில போட்டுக்கிட்டுத்தான் அவன்மேல கத்தினேன்." கைக்குட்டையின் ஓரத்தை மறுபடி நீவினார். "நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே இருந்தேன். அவன் போயிட்டான்."

ஒன்பது வருஷமாக அந்தக் குடும்பத்தை நான் திட்டாத திட்டு இல்லை.

எதிர்க்கடை அம்மா கைக்குட்டையைத் தொட்டுப் பார்த்தார். "தெரியும் அண்ணே," என்றார்.

அந்த 'அண்ணே'யைக் கேட்டு அப்பா நிமிர்ந்தார்.

"அவருக்கும் அன்னிக்கே தெரியும். வெளியில ரோஸா இருந்த கோட்டு, உள்பாக்கெட்டுல மட்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சே. சாயம் எங்கேர்ந்து கிளம்புச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா சொல்லலை?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தார். பிடிவாதத்துல உங்களுக்கு அண்ணன் அவர். ஆனா ஞாயித்துக்கிழமை ஜன்னலை மட்டும் சாத்த விடமாட்டார். 'இரு, அவன் சிரிக்கிறது கேக்கட்டும்'பார். படுக்கையில கிடந்தப்பவும் அந்த நேரத்துக்குத் தலைகாணியை ஜன்னல் பக்கம் மாத்திப் போடச் சொல்லுவார்."

காற்று வேண்டும் என்று அப்பா சொன்னதெல்லாம் எந்தக் காற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரை நனைகிறதென்று எத்தனை மழைநாள் அவரிடம் கத்தியிருக்கிறேன், பாவி. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறடி ஆளும் சேர்ந்து அழுதார். அழுத வேகத்தில் சாம்பல் கோட்டின் முதுகுத் தையல் டர்ரென்று விட்டது. அவ்வளவுதான், பல்லைக் கடித்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். ஒன்பது வருஷமாகத் தெருவுக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்த சிரிப்பு, ஒரே அறைக்குள் அவ்வளவு பெரிசாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னுடையவரைப் பார்த்தார். தொழில் முகம் வந்துவிட்டது.

"நீதான் கறைக்காரனா? ஒரு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு. லினன்ல சிவப்புச் சாயம் ஏறியிருக்கு. ஒன்பது வருஷம் ஆச்சு. எப்படி எடுப்பே?"

என் வாழ்க்கை மொத்தமும் அந்தப் பதிலில் தொங்குகிறது, இந்த மனுஷரோ நிதானமாகக் கைக்குட்டையைப் பார்க்கிறார், யோசிக்கிறார்.

"அது போகாதுங்க மாமா," என்றார். "அப்படியே போட்டுக்க வேண்டியதுதான்."

அப்பா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தோளைப் பார்த்தார், கை நீளத்தைப் பார்த்தார். பெரியவன் பக்கம் திரும்பி, "மாடிக்குப் போய் அதை எடுத்துட்டு வாடா," என்றார்.

கல்யாணத்தன்று என்னுடையவர் ரோஸ் கோட்டில்தான் நின்றார். வந்தவர்களெல்லாம் எங்கே தைத்தது என்று கேட்டார்கள். பேண்டு மாஸ்டர் சட்டைக் கையோடு நின்று டிரம்பெட் ஊதினார், ஏனென்றால் அவருடைய கோட்டைச் சின்னவன் இன்னும் கழற்றவில்லை. காலையில் மாப்பிள்ளைக்கு அந்தக் கோட்டைத் தன் கையால் மாட்டிவிட்டது அப்பாதான். மாட்டுவதற்கு முன்னால் பாக்கெட்டைப் பார்த்தார். உள்பாக்கெட்டை இரண்டு தடவை பார்த்தார்.