பிரிக்காத மடிப்பு

பள்ளிப் பாவாடை தைக்கும்போது அடியில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பேன். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பள்ளி விடுதியில் பணம் கட்டித் தங்கும் பெண்களின் பாவாடைகள் வருடத்துக்கு இரண்டு முறை என் கடைக்கு வந்துவிடும். "அக்கா, இறக்கிக் குடுங்க" என்பாள் ஒருத்தி. "இடுப்பு பிடிக்குதுக்கா" என்பாள் இன்னொருத்தி. வருமானச் சான்றிதழ் காட்டி இலவசமாகத் தங்கும் முப்பத்திரண்டு பெண்களின் பாவாடை ஒன்றுகூட வந்ததில்லை. பாவம், பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த முப்பத்திரண்டில் என் மகளும் ஒருத்தி. கட்டடச் சாரம் சரிந்து அவள் அப்பா போன பிறகு, என் தையல் கூலி வாடகைக்கே சரியாகிவிட்டது. பதினோரு வயதில் அவளை அங்கே சேர்த்தேன். மாதம் ஒரு முறை பார்க்கலாம். வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. "நல்லா சாப்பிடுறியாடி?" என்றால் "சாப்பிடுறேம்மா" என்பாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

இலவசப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் புதுத் துணி. இந்த முறை ஆண்டு விழாவுக்காக அளவெடுக்கப் போனேன். பதின்மூன்று வயது மகளின் தோளில் டேப்பை வைத்தேன். பழைய நோட்டில் இருந்த அதே எண். உயரம் ஒரு விரல்கடை கூடியிருந்தது, அவ்வளவுதான். கைச்சுற்று குறைந்தே போயிருந்தது. அடுத்தவளை அளந்தேன், அதற்கடுத்தவளையும் அளந்தேன். எல்லாருக்கும் அதே கதை. மதிய மணி அடித்தபோது சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். பணம் கட்டியவர்கள் மேசையில் முட்டையும் பாலும். சான்றிதழ் மேசையில் ரொட்டியும், பருப்பைத் தேட வேண்டிய ஒரு சூப்பும். இரண்டு மேசைக்கும் ஒரே சாப்பாடு என்று சொல்லித்தான் நன்கொடை வாங்குகிறார்கள்.

வார்டனிடம் நேராகவே கேட்டேன்.

"புள்ளைங்க வளரவே இல்லையே, வார்டனம்மா?"

"அதுங்க பரம்பரையே குட்டை. நான் என்ன பண்ண?"

"என் உயரத்தைப் பாருங்க. தெருவே என்னைக் கொக்குன்னுதான் கூப்பிடுது. உங்க வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வரேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அப்பன் யாரு, எவ்வளவு உயரம்னு நீதான் சொல்லணும்."

செத்துப்போன மனிதரை இழுத்தாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. அதோடு விட்டாளா? "இனிமே உள்ள வந்து அளவெடுக்கிற வேலையே வேணாம். வயசுக்கு ஒரு அளவு அட்டவணை இருக்குல்ல, அதைப் பாத்துத் தை. வெளிய வாயைத் திறந்தே, உன் பொண்ணு சீட்டு கிழிஞ்சுடும்" என்றாள். ஆர்டர் சீட்டிலும் 'வயது அட்டவணைப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

தெருவுக்கு வந்ததும் அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த அட்டவணை என் கடைச் சுவரிலேயே தொங்குகிறது, துணி ஆலைக்காரன் கொடுத்தது. பத்து வயதுக்கு இவ்வளவு, பதின்மூன்றுக்கு இவ்வளவு, பதினாறுக்கு இவ்வளவு என்று நீளம், தோள், கை எல்லாம் அதில் இருக்கும். வார்டன் பேச்சைத் தட்டலாமா? ஒரு நூல் பிசகாமல் முப்பத்திரண்டு ஜோடி தைத்தேன். விழாவன்று காலையில், விருந்தினர் வண்டிகள் உள்ளே நுழையும் நேரத்தில் மூட்டையை இறக்கினேன். வார்டனுக்கு அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

"அம்மா, ரொம்பப் பெருசா இருக்கு" என்று மகள் கதவருகே வந்து கிசுகிசுத்தாள்.

"பெருசு இல்லடி. உன் வயசு அது. போட்டுட்டு நட."

மேடைக்கு முதலில் பணம் கட்டியவர்கள் போனார்கள், உடம்புக்குச் சிக்கென்ற துணியில். அடுத்து இவர்கள். பாவாடை தரையைக் கூட்டியது. சட்டைக் கைக்குள் விரல்களே தெரியவில்லை. தோள் தையல் தோளைவிட்டு வழிந்து கையில் தொங்கியது. பின்வரிசையில் சிரித்தார்கள். என் மகள் தடுக்கி விழப்போய் நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்தாள். ஆனாலும் நான் அசையவில்லை.

முன்வரிசையில் நன்கொடைக் குழுவின் டாக்டரம்மா எழுந்தார். "இதைத் தைச்சது யாரு?"

"இந்தக் கொக்குதாங்க! கண்ணு அவிஞ்சு போச்சு இவளுக்கு" என்று வார்டன் என்னைக் காட்டினாள்.

நான் முன்னால் போய் ஆர்டர் சீட்டை டாக்டரம்மா கையில் கொடுத்தேன். "அவங்க எழுதிக் குடுத்தபடி வயசுக்குத் தைச்சேங்க. துணி சரியாத்தான் இருக்கு. புள்ளைங்கதான் பத்தல."

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டரம்மா மேடையேறி, என் மகளின் சட்டைக் கையை மடித்து மடித்துத் தோள்வரை ஏற்றினார். அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் நடந்தார். குழு முழுக்க அவர் பின்னால் போனது.

வார்டன் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அளவு தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உன் பொண்ணுக்குத் தனியா முட்டை, பால் எல்லாம் தரேன். சீட்டுக்கு நான் பொறுப்பு."

வார்டனின் துணிகளும் என்னிடம்தான் தைக்க வரும். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். "நாப்பத்திரெண்டு. எம் பொண்ணு இங்க சேர்ந்தப்போ உங்களுக்கு முப்பத்தெட்டு. எம் பொண்ணோட நாலு அங்குலம் எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருந்தேன். இங்கதான் இருக்கு."

சாயங்காலத்துக்குள் வார்டன் அறைக்குப் பூட்டு விழுந்தது. அவளை ஏற்றிப்போக வாசலில் வண்டி நின்றது. மகள் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா."

"தெரியும். என்னைத் திட்டுடி. குடு, உள்ள மடிச்சுத் தைச்சுத் தரேன். இனிமே வளர வளர இறக்கிக்கலாம்."

"இப்ப வேணாம்."

சுருட்டியதைக் கையிலிருந்து விட்டாள். மடித்திருந்த சட்டைக் கையையும் இறக்கிவிட்டாள். பெட்டியோடு வெளியே வந்த வார்டனுக்கு எதிரே, வாசலை அடைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"நல்லா பாத்துட்டுப் போங்க" என்றாள்.