இதோ, ஒரு மணி நேரம்

சலூன்காரரிடம் ஒரு தொழில் தந்திரம் உண்டு. கடையில் நாலு பேர் காத்திருக்கும்போது ஐந்தாவதாக ஒருவர் எட்டிப் பார்த்தால், "உட்காருங்க, இதோ ஆச்சு, அடுத்து நீங்கதான்" என்பார். உண்மையைச் சொன்னால் ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால், இவ்வளவு நேரம் உட்கார்ந்தாயிற்று, இன்னும் சற்று உட்காருவோம் என்று பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு கிடப்பார். இதில் பாவம் இருப்பதாக அவர் நினைத்ததே இல்லை. முடி வெட்டிக்கொள்ள வந்த இடத்தில் யார் உயிர் போகிறது?

அவரைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்கா தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புற்றுநோய் முற்றிவிட்டது. வலிக்கு ஊசி போடுவதைத் தவிர இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "தம்பி முகத்தை ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்" என்று அவள் சொல்லி அனுப்பியதும், இவர் கடையைப் பூட்டிவிட்டுக் காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார்.

"ஒரு மணி நேரம் லேட் சார். வானிலை சரியில்லை" என்றாள் கவுண்டர் பெண். கண்ணாடிக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மற்ற கம்பெனி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. அக்கா இருக்கும் ஊருக்கே ஒன்று கிளம்பியது.

"அதுல என்னை ஏத்தி விட முடியாதாம்மா?"

"எதுக்கு சார்? நம்ம ஃப்ளைட்தான் இதோ கிளம்பப் போகுதே. இன்னும் ஒரே ஒரு மணி நேரம்."

கம்பெனி செலவிலேயே அந்த விமானத்தில் அனுப்பும்படி கேட்க அவருக்கு உரிமை இருந்தது. அவருக்கு அது தெரியாது. தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவரை இப்படி உட்கார வைத்த மனிதருக்கு, தன்னை உட்கார வைக்கிறார்கள் என்பது மட்டும் உறைக்கவில்லை. நம்ப வேண்டும் என்று மனம் தவிக்கும்போது புத்தி எங்கே வேலை செய்யும்?

அக்கா மகள் போன் செய்துகொண்டே இருந்தாள். "மாமா, எப்ப வருவீங்க? அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இதோ, ஒரு மணி நேரம்னு சொல்லும்மா."

ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னார். பொழுது சாய்ந்த பிறகுதான் விமானம் கிளம்பியது. இவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். விலக்கிப் பார்த்தார். கீழுதடு கடிபட்டுக் கன்றிப் போயிருந்தது.

"நர்ஸ் ஊசியோட வந்தப்பல்லாம் அம்மா கையை இழுத்துக்கிட்டாங்க மாமா" என்றாள் மகள். குறை சொல்லும் குரல் இல்லை. அழுது ஓய்ந்த குரல். "ஊசி போட்டா தூங்கிடுவேன், தம்பி வரும்போது முழிச்சிருக்கணும், ஒரு மணி நேரம்தானே, தாங்கிக்கிறேன்னாங்க. கடைசி வரைக்கும் போட்டுக்கவே இல்ல."

அவருக்கு அழுகைகூட வரவில்லை. யாரோ சொன்ன பொய்தான். ஆனால் அதை அக்காவின் காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது அவர் வாய். சாயங்காலம் ஆகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தால், அவள் வலியில்லாமலாவது போயிருப்பாள்.

மகள் விடவில்லை. வானிலை என்பது கட்டுக்கதை, கோளாறு இயந்திரத்தில்தான் என்று விசாரித்து, மாமன் சார்பில் கம்பெனிமீது புகார் கொடுத்தாள். கம்பெனி குட்டிக்கரணம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, மாதங்கள் கழித்து ஒருநாள் சலூனுக்கே போன் செய்தது. அவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"உங்க புகாரை ஏத்துக்கிட்டோம் சார். நஷ்டஈடு வந்துடும். அன்னைக்கு உங்க கூட வேற யாராவது காத்திருந்தாங்களா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா உண்டு."

கத்தி பிடித்த கை நின்றது. "எங்கக்கா காத்திருந்தாங்க."

"அவங்க டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்."

"டிக்கெட் இல்லம்மா."

"டிக்கெட் இல்லாம எப்படி சார் காத்திருப்பாங்க?"

அவர் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதிக் கன்னத்தில் நுரையோடு இருந்தவர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தார். அதற்குள் வாசலில் ஒருவர் எட்டிப் பார்த்து, "நேரம் ஆகுமாண்ணே? வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க" என்றார்.

"ரொம்ப நேரம் ஆகும். உட்காராதீங்க" என்றார் சலூன்காரர். "வீட்டுக்குப் போங்க."