பொன்னம்மாள் கேட்ட தாலாட்டு

அறுபத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயிலில்தான் பொன்னம்மாள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். முந்தின நாள் அண்ணன் குழந்தைவேலையும் புருஷன் அய்யாசாமியையும் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா பாடுற தாலாட்ட ரெண்டு பேரும் சேந்து எனக்கு வாசிச்சுடுங்க. அழுதுகினு நிக்காதீங்க."

இருவருக்கும் சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் டவுன்ஷிப் பேண்டு செட்டில் குழந்தைவேல் டிரம்பட் ஊதுவான், அய்யாசாமி கிளாரினெட் வாசிப்பான். சாவு வீட்டுப் பந்தல் நிழலில் இருவரும் ஒரு தரம் சுருதி சேர்த்துப் பார்த்தார்கள். பிசிறில்லாமல் சேர்ந்தது.

காடாம்புலியூர் உறவுக்காரர்கள் வந்து சேர்ந்து பாடையைத் தூக்கும்போது உச்சிவெயில். அய்யாசாமி கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். அவனுடைய கிளாரினெட்டைப் பேண்டு செட்டு ராமலிங்கம் குடை நிழலில் எடுத்து வந்தார். குழந்தைவேல் தங்கச்சிக்குத் தோள் கொடுத்தான். டிரம்பட் கயிற்றில் முதுகோடு தொங்கி வழியெல்லாம் காய்ந்தது.

இடுகாட்டில் அய்யாசாமி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியும் தோளில் ஈரத்துண்டுமாகக் குழியருகே வந்து நின்றான். இருவரும் வாசிக்கத் தொடங்கினார்கள்.

முதல் வரியிலேயே ஒலிகள் ஒன்றோடொன்று உரசின. டிரம்பட் மேலே போய் நின்றது. குழந்தைவேலுக்குக் காரணம் தெரியும். பித்தளை சுட்டு, குழாய்க்குள் காற்றும் சுட்டால் சுருதி ஏறிவிடும். நிழலில் வந்த மரக் கிளாரினெட் அவ்வளவு ஏறாது. சுருதிக் குழாயை வெளியே இழுத்தான். இன்னும் இழுத்தான். இதற்குமேல் இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்போதும் இறங்கவில்லை. கிளாரினெட்டை ஏற்றலாமென்றால், அதன் மூட்டுகள் ஏற்கெனவே முழுக்க உள்ளே இறுகித்தான் இருந்தன.

"நேரமாவுது, எறக்கிடலாங்க" என்றார் ஒரு பெரியவர்.

குழந்தைவேல் டிரம்பட்டைத் தாழ்த்தினான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் செய்ய முடியவில்லை. "நீ மட்டும் வாசிச்சுடு மாப்ள" என்றான்.

"ரெண்டு பேரும்னுதான சொன்னா."

அய்யாசாமி தோளிலிருந்த ஈரத்துண்டை எடுத்து டிரம்பட் குழாயைச் சுற்றினான். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் விட்டான். ராமலிங்கத்திடம் குடையை வாங்கி மச்சானுக்குப் பிடித்தான். சட்டையில்லாத அவன் முதுகு வெயிலில் இருந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பெரியவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைவேல் மெல்ல ஊதிப் பார்த்தான். இறங்கியிருந்தது. அய்யாசாமி குடையை ராமலிங்கத்திடம் கொடுத்துவிட்டுக் கிளாரினெட்டை எடுத்தான். இம்முறை இரண்டும் ஒரே குரலாகக் கிளம்பின. அந்த ஒலியிலேயே பொன்னம்மாளைக் கயிற்றில் இறக்கினார்கள்.

மூன்றாவது வரியில் கிளாரினெட் நின்றது. அய்யாசாமி குழிக்கரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அதுவரை அவன் அழுது யாரும் பார்க்கவில்லை.

குழந்தைவேல் நிறுத்தவில்லை. துண்டு காய்ந்துகொண்டே வந்தது, சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. ஒத்துப் பார்க்கப் பக்கத்தில் வேறு ஒலி இல்லை. ஒரு கை மாப்பிள்ளையின் தோளில் இருக்க, ஒற்றைக் கையால் தாலாட்டைக் கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தான்.