கரீம் பாயின் இம்பெல்லர்

நான் செய்தது முட்டாள்தனம். மரியாதை என்று நினைத்துச் செய்ததால் அது வேறொன்றாகிவிடாது.

கோயமுத்தூர் பம்புசெட்டின் வரலாறுதான் என் ஆராய்ச்சி. இதுவரை வந்த புத்தகங்களெல்லாம் முதலாளிகளின் ஜாதகம். பட்டறையில் கை கறுத்தவர்களைத் தேடிப் போனபோதுதான் கோட்டைமேட்டில் கரீம் பாய் கிடைத்தார். வயது எண்பத்து நான்கு. பம்பு கம்பெனி ஒன்றின் பவுண்டரியில், இரும்பு வார்ப்பதற்கான மர அச்சு செய்தவர். கிணறுகள் ஆழமாகி, மணல் ஏறிப் பம்புகள் அடைத்துக்கொண்ட காலத்தில், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வளைவை மாற்றி வரைந்தவர். கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த வளைவுதான். கம்பெனியின் விழா மலரில் மட்டும் அது முதலாளி கோபாலசாமியின் கண்டுபிடிப்பு.

வரைந்த நோட்டைக் காட்டினார். நான்கு மணி நேரம் பேசினார், பதிவு செய்தேன். “எம் பேரு புஸ்தகத்துல வருமுங்களா அம்மணி?” என்று மூன்று முறை கேட்டார். வரும் என்றேன்.

கோபாலசாமியின் மகன் கிருபாசங்கர் எனக்கு மாமா முறை. ஒரு வார்த்தை சொல்லாமல் அச்சில் போட்டால் நன்றாக இருக்காது என்று அத்தியாயத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். குறை எழுதினாலும் சொல்லிவிட்டு எழுதுவது எங்கள் வழக்கம். “படிச்சுப்போட்டுச் சொல்றேன் கண்ணு” என்று காபி கொடுத்து அனுப்பினார்.

மறுவாரம் அவர் பழத்தட்டோடு கரீம் பாய் வீட்டுக்கே போயிருக்கிறார். பாய் நாற்பது வருஷம் உழைத்தும் முதலாளி குடும்பத்தில் ஒருவர்கூட அந்த வாசலை மிதித்ததில்லை. பாய்க்குத் தலைகால் புரியவில்லை. நோட்டையும் கொடுத்து, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அந்த இங்கிலீஷ் கடிதம் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. முதலாளி சொன்னதைத்தான் செய்தேன், வயதானதால் தவறாகப் பேசிவிட்டேன், என் பெயர் வேண்டாம் என்று கரீம் பாய் சொல்வதுபோல எழுதியிருந்தது. பெயரை எடுத்தால்தான் நூல் என்றார்கள். ஆறு மாதம் சண்டை போட்டேன். பாயிடம் நேரில் போய்க் கேட்காமலே, அவரே மனமறிந்து மறுத்துவிட்டார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று நூலோடு போனேன். மகள் தாஜுன்னிசா கதவைத் திறந்தார். கரீம் பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“சின்ன முதலாளி ஊடு தேடி வந்தாருங்க. புஸ்தகத்துல போடறதுக்குன்னு கையெழுத்துக் கேட்டாரு, போட்டுக் குடுத்தேன். வந்துருச்சுங்களா?”

நூலை நீட்டினேன். புரை விழுந்த கண்ணோடு தடவிப் பார்த்து மகளிடம் கொடுத்தார். “தாஜு, எம் பேரு எங்கன்னு பாரு.”

தாஜுன்னிசா படித்தவர். அத்தியாயம் முழுக்கத் தேடினார். ‘மர அச்சுத் தொழிலாளி ஒருவர்’ என்ற வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்குதுங்க அத்தா.”

“எங்க, காட்டு.”

தந்தையின் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தார். கரீம் பாய் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

“நல்லாப் போட்டுருக்கீங்க அம்மணி.”

தாஜுன்னிசா வாசல்வரை வந்தார். “போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேனுங்க” என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.