பந்து போன திசை

கோல்ஃப் மைதானத்தில் நிற்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வருகிறவர்களோ அடிக்கக் கற்றுக்கொள்ள வந்ததாக நினைக்கிறார்கள். நிற்கத் தெரியாதவன் எதை அடிப்பான்? பாதங்களைத் தோளகலத்தில் வை, முழங்காலை இளக்கு, முதுகைக் கூன் போடாமல் இடுப்பில் மடங்கு, அடித்து முடித்ததும் எடை முழுக்க முன்காலுக்கு வரட்டும், பந்து விழும்வரை அப்படியே சிலையாக நில். இதைக் கத்திக் கத்தியே என் தொண்டை கட்டிப்போனது.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது சும்மா போகவில்லை. வலது காதுக்குள் இருக்கும் சமநிலை நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனது. இனி அது திரும்பாது, கண்ணும் காலும்தான் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தரையைப் பார்த்தபடி இருந்தால் நிற்பேன், நடப்பேன், அடிக்கக்கூடச் செய்வேன். சட்டென்று வானத்தைப் பார்த்தால் விழுந்துவிடுவேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது என் கதைதான்.

கொடுமை என்னவென்றால், இதற்காக என்னைப் புகழ்ந்தார்கள். அடித்த பிறகும் தலையைத் தூக்குவதில்லை, மாஸ்டருக்கு என்ன கட்டுப்பாடு என்றார்கள். புல்வெட்டும் வண்டி ஓட்டும் என் மச்சான் பக்கத்தில் வந்து நின்று, பந்து மணல்குழி தாண்டியது, குளத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தது என்று முணுமுணுப்பான். நான் எல்லாம் பார்த்தவன் மாதிரி தலையாட்டுவேன். அவனுக்கும் அவன் அக்காவான என் மனைவிக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். கிளப் செயலாளருக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மகளிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம்தான் பயிற்சி எடுத்தாள். அவள் வாயில் ரகசியம் தங்காது, கிளப் அணிக்குத் தேர்வு முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தேர்வுக்கு முந்தைய நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"என் காலையே பாக்குறீங்கப்பா. நான் அடிச்ச பந்தை ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

"கால் சரியா இருந்தா பந்து தானாப் போகும்."

"பாக்குற அளவுக்கு நான் அடிக்கல. அதானே?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற பிள்ளை இப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று நெஞ்சு வலித்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு ஒரே ஒரு பந்தைப் பார்த்துவிட்டால் போதும், சொல்லவே வேண்டியிருக்காது என்று என் புத்தி கணக்குப் போட்டது.

மறுநாள் இரண்டு பெண்கள்தான் கடைசிவரை வந்தார்கள். இடம் ஒன்றுதான். மற்றவள் தன் கடைசிப் பந்தைச் சுமாராக அடித்துவிட்டு ஒதுங்கினாள். இவள் நேராக அடித்தால் போதும். செயலாளர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மச்சான் வண்டியை நிறுத்திவிட்டு என்னருகில் வந்து, "மாமா, வேணாம்" என்றான். நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவள் வந்து நின்றாள். பாதம், முழங்கால், இடுப்பு, எதிலும் குறையில்லை. நான் சொல்லிக்கொடுத்த நிலை அவள் உடம்பில் என்னைவிட அழகாக இருந்தது. அவள் மட்டையை ஓங்கினாள். நான் தலையைத் தூக்கினேன்.

நான் பார்த்தது பந்தை அல்ல, அவள் முகத்தை. அடிக்கிற அந்த நொடியில் அவள் பந்தை விட்டுவிட்டு, நான் பார்க்கிறேனா என்று என் பக்கம் திரும்பியிருந்தாள். அப்புறம் வானம் சுழன்றது. புல் வந்து கன்னத்தில் அறைந்தது.

கால் வழுக்கிவிட்டது என்றேன். செயலாளர் காய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். வேலை போய்விட்டது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

மகள் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா."

"எங்க போச்சு?"

"நேரா."

அவள் முகம் மலர்ந்தது. அதே முகத்தோடு மாமாவிடமும் கேட்கத் திரும்பினாள். மச்சான் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.