ஈர விறகுக்குப் பச்சை முத்திரை

புகைக் கணக்கு எடுக்க வந்தவர் கையில் ஒரு டேப்லெட் இருந்தது. மூளையை அதிலேயே இறக்கி வைத்துவிட்டார் போலும். ரம்பத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல், பிளக்கும் இயந்திரத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று துருவித் துருவிக் கேட்டுத் தட்டினார். கரியமில வாயு குறைவாக விடும் கடைக்குத்தான் பச்சை முத்திரை. முத்திரை இல்லாத விறகை இனி ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்கு எடுக்கமாட்டார்கள். விறகுக்கடைக்காரிக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை அது.

கொட்டகையில் இருந்ததெல்லாம் அவள் கணவன் பிளந்து அடுக்கியது. இரண்டு கோடை காயாமல் ஒரு கட்டையைக்கூட வெளியே விடமாட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் சாய்ந்து ஏழு மாதமாகிறது.

"உங்களுக்குக் கிடைக்காதும்மா. டன் விறகுக்கு இவ்வளவு புகைன்னு பாத்தா எகிறுது. எதிர்க்கடைக்குப் பாதிதான் வருது."

"அவங்க போன வாரம் வெட்டினத இந்த வாரம் விக்கிறாங்க சார். பாதி எடை தண்ணி. அதே டீசல அதிக எடைக்கு வகுத்தா குறையாம என்ன பண்ணும்?"

"ஈரத்துக்கு இதுல கட்டம் இல்லம்மா."

கொழுந்தன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். "அண்ணி, அடுக்கு மேல ரெண்டு நாள் தண்ணி ஊத்துவோம். எடை ஏறிடும், முத்திரை வந்துடும்."

"உங்கண்ணன் காய வச்சதுப்பா."

"அண்ணனா வந்து கடைய நடத்தப் போறாரு?"

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய் நாலு முத்திரைக் கட்டையை வாங்கி வந்து, அதிகாரி உட்கார்ந்திருந்த தன் கடை அறையின் அடுப்பில் செருகினாள். சற்று நேரத்தில் அறை முழுக்கப் புகை. அதிகாரி இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

"இந்தப் புகைய எந்தக் கட்டத்துல போடுவீங்க சார்?"

"எரிக்கிறது வேற துறைம்மா. நாங்க உற்பத்தி மட்டும்தான்."

"விறக வேற எதுக்கு உற்பத்தி பண்றாங்க? தலைக்கு வச்சுப் படுக்கவா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'தகுதியில்லை' என்பதைத் தட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி லாரி எதிர்க்கடையில் சொட்டச் சொட்ட ஏற்றிக்கொண்டு போனது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கட்டைகளைச் சிறு கட்டுகளாகக் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மூன்றாம் வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். "முத்திரை இருக்கா?"

"இல்ல. காஞ்சிருக்கு."

அந்தப் பெண் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"ரெண்டு கட்டு இறக்கி வைங்க."