கடைசி நோயாளிக்குப் பிறகு

எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், இரண்டு வரிசை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்த சத்தம் அந்தக் குறுகிய நடைக்கூடத்தில் கிரீச்சிட்டு ஓய்கிறது, டை கட்டிய பையன்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு பெண், குட் மார்னிங் சார் என்கிறார்கள், எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறேன், படிக்கட்டில் ஒரு வாளியும் துடைப்பமும்தான் இருக்கின்றன, அப்போது புரிகிறது, எனக்காகத்தான் எழுந்திருக்கிறார்கள், குட் மார்னிங் என்று நானும் சொல்லிவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

திருச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல், இரண்டாவது மாடி, நடையின் கடைசி அறையில் ஒரு மருந்து நிறுவனம் விற்பனைப் பிரதிநிதி, அதாவது ரெப் வேலைக்கு ஆள் எடுக்கிறது, இந்தத் தொழிலில் இப்படித்தான் எடுப்பார்கள், அலுவலகம் எங்கோ வடக்கே இருக்கும், மேலாளர் ஒரு நாளைக்கு அறை எடுத்து, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார், இருபத்துமூன்று வயதில் நானும் இப்படி ஒரு நடையில் இருந்திருக்கிறேன், அன்றைக்கு எழுந்து நின்றவர்களில் நானும் ஒருவன், யாருக்காக எழுந்தோம் என்பது நினைவில்லை, நரைத்த தலை, பளபளக்கும் ஷூ, அவ்வளவுதான், அந்த மனிதர் மேலாளராக இருந்திருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் உட்காரவில்லை, கதவோரம் சுவரை ஒட்டிப் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வேண்டுமென்று இல்லை, பழக்கம், கிளினிக்கில் நாற்காலி நோயாளிக்கு, ரெப் என்றால் நிற்க வேண்டும், இருபத்தைந்து வருடம் சுவர்களை ஒட்டியே நின்றிருக்கிறேன், கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான், எந்த டாக்டர் வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும் என்று முதுகுக்குத் தெரியும், ஆனால் நான் நிற்பதால் இந்தப் பையன்களும் உட்காரவில்லை, நான் உட்காராமல் அவர்கள் உட்காரப் போவதுமில்லை, கொஞ்ச நேரம் எல்லோரும் நின்றோம், ஒருவன் டையைச் சரிசெய்தான், ஒருவன் போனைச் சத்தமில்லாமல் வைத்தான், எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், பிறகு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், தம்பி, உக்காருங்க, நானும் இன்டர்வியூவுக்குத்தான் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, உட்கார்ந்தார்கள், என் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது, சற்றுப் பொறுத்து ஒருவன் மட்டும் வந்து உட்கார்ந்தான், அஸ்வத் என்று பேர் சொன்னான், சார், நீங்க ஏரியா மேனேஜர் போஸ்டுக்கா, இல்லப்பா, ரெப்புக்குத்தான், காமெடி பண்ணாதீங்க சார், காமெடி இல்லப்பா, நெசமாத்தான், அவன் என் தலையைப் பார்த்தான், தலையிலிருந்து கழுத்துக்கு வந்தான், எதிர் வரிசையிலிருந்து ஒருவன் டேய், இந்தப் பக்கம் வாடா என்று கையைக் காட்டினான், அப்ப உங்களுக்குத்தான் சார் கிடைக்கும், எக்ஸ்பீரியன்ஸ் இருக்கு, எங்கள எங்க எடுக்கப் போறாங்க என்ற அஸ்வத், எழுந்து போகும்போது ஆல் த பெஸ்ட் அங்கிள் என்றான், சாரிலிருந்து அங்கிளுக்கு இறங்க எனக்கு அவ்வளவு நேரம்தான் ஆனது.

தலைக்குச் சாயம் அடித்துவிட்டவள் மங்கை, ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் ஸ்டூல் போட்டு, பழைய பனியனைக் கழுத்தில் சுற்றி, அசையாதீங்க, காதுல பட்டா போகாது என்று என் மண்டையைப் பிடித்து ஒரு பக்கம் சாய்த்தாள், வயசு கேட்டா என்ன சொல்லுவீங்க, கேக்க மாட்டாங்க மங்கை, பார்த்தாலே தெரியும், அப்ப எதுக்கு இந்த டையி, நீதான அடிக்கணும்னு சொன்ன, ஆமா, நான் சொன்னத எல்லாம் கேட்டுட்டாலும் என்று சிரித்தாள், சிரித்தபடியே பிரஷ்ஷைக் காதோரம் மெதுவாக இழுத்தாள், திருமணமான புதிதில்கூட இவ்வளவு பக்கத்தில் அவள் மூச்சைக் கேட்டதில்லை போலிருந்தது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, பழைய நிறுவனம் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்தபோது வயதானவர்களாகப் பார்த்து ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள், பிரியாணி போட்டார்கள், ஐஸ்கிரீம் வந்தது, பிறகு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு போன் செய்த இடங்களில் எல்லாம் எந்த வருஷம் டிகிரி முடிச்சீங்க என்று கேட்டார்கள், வருடத்தைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம், அந்த மௌனத்தில் யாரோ விரல் விட்டு என் வயதைக் கணக்கிடுவது எனக்குக் கேட்கும், கூப்பிடறோம் சார்.

மங்கை காலையில் தாலுகா அலுவலகத்துக்குப் போன பிறகு வீடு ஒரு கிளினிக் மாதிரி ஆகிவிடுகிறது, டாக்டர் இல்லாத கிளினிக், கூரியர் கொண்டுவந்தவர் என்ன சார், லீவா என்றார், லீவுதான் என்றேன், மறுநாளும் வந்தார், கேட்கவில்லை, அதற்கு அவர் கேட்டே இருக்கலாம், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், வாய் தானாகச் சொல்லும், டாக்டர், காலையில வெறும் வயித்துல ஒண்ணு, அன்னைக்கு முழுக்க எரிச்சல் இருக்காது, ஒருமுறை உங்க பேஷண்டுக்கு எழுதிப் பாருங்க டாக்டர், அந்த மாத்திரையை இப்போது யாரும் தயாரிப்பதில்லை, குழாயை நிறுத்தினால் குரல் மட்டும் சமையலறையில் நிற்கும், மதியம் கண் அசந்தால் வரிசையாக நாற்காலிகள் வரும், வேலை போனது கனவா, இந்த நாற்காலிகள் கனவா என்று தெரியாமல் எழுந்து பையைத் தேடியிருக்கிறேன், எனக்கு வேண்டியது அந்த இரண்டு நிமிடம்தான் என்று அப்போது தோன்றும், எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்க, நான் நின்று சொல்லி முடிக்கிற இரண்டு நிமிடம், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

உள்ளேயிருந்து குரல்கள் வருகின்றன, ஹோட்டல் கதவுகள் மெலிசு, மேலாளர் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையைக் கொடுத்து என்னை டாக்டரா நினைச்சுக்கிட்டு இந்த மருந்தப் பத்திச் சொல்லுங்க என்கிறார், குழந்தைகளுக்கான இருமல் மருந்து, பையன்கள் திக்குகிறார்கள், டாக்டர், இது வந்து, ஸ்ட்ராபெரி ஃபிளேவர் டாக்டர், தூக்கம் வராது, சாரி, தூக்கம் வரும், என் உதடு கதவுக்கு வெளியே அசைகிறது, என் பெயரைக் கூப்பிட்டதும் டை நேராக இருக்கிறதா என்று விரல் பார்த்துக்கொள்கிறது, உள்ளே போனேன், மேலாளர் எழுந்தார், எழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

பெயர் நிரஞ்சன், முப்பது வயது இருக்கும், நல்ல பையன், அதைச் சொல்லியே ஆக வேண்டும், வாங்க சார், உக்காருங்க சார், தண்ணி குடிங்க சார் என்றான், அட்டை மேஜைமேல் இருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் அதை எடுத்து ஓரமாக வைத்தான், சொல்லிக் காட்டட்டுங்களா சார் என்று நானே கேட்டேன், சேச்சே, உங்களுக்குப் போய் நான் டெஸ்ட் வைக்கிறதா, உங்களுக்குத் தெரியாததா சார், வைங்க சார், பரவால்ல, இல்ல சார், ஓப்பனா சொல்லிடறேன், டீம்ல எல்லாம் சின்னப் பசங்க, தெனம் சாயங்காலம் போன் பண்ணி எங்க இருக்க, யார் யாரப் பாத்தேன்னு கேப்பேன், சில நாள் கத்துவேன், உங்கள எப்படி சார் கேக்குறது, எங்கப்பாவக் கேக்குற மாதிரி இருக்கும், கேளுங்க சார், நான் பதில் சொல்லுவேன், கத்துனா வாங்கிக்குவேன், அவன் முகம் ஒரு மாதிரி ஆனது, அலைச்சல் ஜாஸ்தி சார், ஃபுல்லா பைக்குதான், கும்பகோணத்துலேர்ந்து பைக்குலதான் சார் வந்தேன், சூப்பர் சார் என்றான், உண்மையாகவே சொன்னான், மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேன் சார், இத்தனை வருடத்தில் எந்தக் கதவும் என் முகத்தில் சாத்தப்பட்டதில்லை, திறந்து பிடித்துக்கொண்டுதான் வெளியே அனுப்புகிறார்கள், அவனும் கதவுவரை வந்தான், மேலாளரைப் பார்த்ததும் பையன்கள் எழுந்தார்கள், அவனுக்கா, அவன் என்னை வழியனுப்பிய மரியாதைக்கா, தெரியவில்லை, அவர்களுக்கு நடுவே நடந்தேன், அஸ்வத் கட்டை விரலைத் தூக்கி ஓகேவா அங்கிள் என்றான், சொல்றேன்னாரு, அப்படின்னா ஓகேதான், ட்ரீட் வைக்கணும்.

படியிறங்கினேன், கீழே வண்டி நிற்கிறது, வண்டிக்கு அப்புறம் தஞ்சாவூர் சாலை, சாலைக்கு அப்புறம் வீடு, வீட்டில் மதியம், அந்த மதியம் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தது, பாதிப் படியில் நின்றேன், பாபநாசத்தில் டாக்டர் பத்ருதீன் முன்பு ஒரு மழை நாளில் நேரமில்லய்யா, போய்ட்டு நாளைக்கு வா என்று கையை வீசினார், கூட்டம் இருக்கும்போது எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்வார், அதைப் போகச் சொன்னதாக எந்த ரெப்பும் எடுத்துக்கொள்வதில்லை, கடைசி நோயாளி வெளியே வந்த பிறகுதான் எங்கள் நேரம், சுவரோரம் நின்றேன், ஈரச் சட்டை உடம்பிலேயே காய்ந்தது, எல்லோரும் போன பிறகு தலையை மட்டும் நீட்டினேன், இன்னுமா நிக்கிற, அடப்பாவி, சொல்லித் தொலை என்று சிரித்தார், சொன்னேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

திரும்பி மேலே ஏறினேன். இந்தமுறை யாரும் எழவில்லை, போனில் இருந்தார்கள், கதவோரம் என் இடத்தில் நின்றேன், பையைக் கால்களுக்கு நடுவில் வைத்தேன், என்ன அங்கிள், மறந்து வச்சுட்டீங்களா என்றான் அஸ்வத், இல்லப்பா, டாக்டரப் பாக்கணும் என்று வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன், ஒருவன் உள்ளே போகிறான், ஒருவன் வெளியே வருகிறான், எதிர் நாற்காலியில் ஒருவன் இருமுகிறான், அவன் மடியில் குழந்தை இருப்பதாகத் தோன்றுகிறது, குழந்தை இல்லை, ஃபைல், நடையில் டெட்டால் வாசனை வருகிறது, மழை பெய்கிறதா, இல்லை, யாரோ வாளியை இழுக்கிறார்கள், உள்ளே போகிற ஒவ்வொருவனும் அதே மருந்தைச் சொல்கிறான், ஒருவன் விட்டதை இன்னொருவன் சொல்கிறான், வெளியே நிற்கிற எனக்குள் அந்த அட்டை கொஞ்சம் கொஞ்சமாக முழுதாகிறது, இரண்டு வயதுக்கு மேலே, இரவில் அரை மூடி, தாய் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், எங்கே நிறுத்தி டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டும், அஸ்வத்தும் போய் வந்தான், கேட்காமலே உதட்டைப் பிதுக்கினான், பை அங்கிள், கடைசியாக அந்தப் பெண், அவளும் போய்விட்டாள், நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடக்கின்றன.

விரலால் கதவைத் தட்டி, தலையை மட்டும் நீட்டினேன். நிரஞ்சன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

உள்ள வரலாங்களா டாக்டர் என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் என் காதில் விழுந்தது, அவன் காதிலும் விழுந்திருக்கும், பொட்டலத்தின் நூலைக் கையில் வைத்தபடி எழுந்தான், சார், நீங்க இன்னும் போகலையா, எழுந்திரிக்காதீங்க டாக்டர், உக்காருங்க, ரெண்டே நிமிஷம். அவன் நின்றபடி என்னைப் பார்த்தான், மேஜையோரம் இருந்த அட்டையைப் பார்த்தான், நான் அட்டையை எடுக்கவில்லை, கதவைச் சாத்திவிட்டுச் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தேன். அவன் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தான்.

நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.